ஆற்றைப் பார்த்து வாசலைத் திறவுங்கள்: கன்னியாகுமரி மாவட்ட வன அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ‘குளிக்க அனுமதி’, ‘குளிக்கத் தடை’ என்ற இரண்டே பலகைகளை வைத்துக்கொண்டு நம் மலையாறுகளைக் காக்கவும் முடியாது, அங்கே வருகிறவர்களைக் காக்கவும் முடியாது. அதனால்தான் இந்த மடல்.

காளிகேசமானாலும் உலக்கை அருவியானாலும், அசம்பு மலையிலிருந்து பாறை இடுக்கு வழியே இறங்கும் வேறு எந்த ஓடையானாலும், அங்கே நடப்பது கரையோடு போகிற நடை மட்டும் அல்ல. இந்தக் கரையில் கொஞ்ச தூரம். பாறை மறித்ததும் தண்ணீரில் இறங்கி அந்தக் கரை. பிறகு மறுபடி இங்கே. நடுநடுவே கயங்கள், அதாவது பாறைக்கு நடுவே தண்ணீர் குளம்போலத் தேங்கும் பள்ளங்கள். எல்லாரும் வருவதே அந்தக் கயத்துக்காகத்தான். வியர்த்துக் களைத்து வந்து, அடி தெரிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, நனையாமல் திரும்புகிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். விதி எழுதுகிறவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. மலைப்பாதையின் வாசலைத் திறப்பதும் மூடுவதும் அன்றைக்கு, அந்த ஆற்றில், அந்த நேரத்தில் ஓடும் தண்ணீரின் அளவை வைத்து நடக்க வேண்டும். நாள்காட்டியை வைத்தோ, நாகர்கோவிலில் வெயிலா மழையா என்று பார்த்தோ, போன வாரம் ஒரு சாவு நடந்ததா என்பதை வைத்தோ அல்ல.

திற்பரப்பில் இது ஓரளவு நடக்கிறது. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் வெளியேறும் மறுகால் திறந்தால் கோதையாற்றில் தண்ணீர் ஏறுகிறது, அருவியில் குளிக்கத் தடை வருகிறது. ஷட்டரை உயர்த்துவது ஒரு ஆள். எத்தனை கன அடி என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் கீழே இருப்பவர்கள் விலகலாம். மேலே இருக்கிற ஓடைகளில் ஷட்டரும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே மறுகால் திறப்பது மேகம்தான். அது யாருக்கும் சொல்லிவிட்டுத் திறப்பதில்லை.

மலைவெள்ளத்தின் கணக்கு பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல, எளிய பெருக்கல்தான். 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 50 கோடி லிட்டர். பாதியை மண்ணும் காடும் குடித்துவிட்டாலும் 25 கோடி லிட்டர் அந்த ஒற்றை இடுக்கு வழியாகத்தான் இறங்க வேண்டும். சரிவு செங்குத்து, மண் மெல்லியது, அடியில் பாறை. பரந்த மணல்திட்டில் ஒரு சாண் ஏறுகிற தண்ணீர் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஆள் உயரம் ஏறிவிடும். அந்த நேரத்தில் கயத்தில் நிற்பவர் தலைக்கு மேலே நீல வானம் இருக்கலாம். கீழே ஒரு துளி விழாமலே வெள்ளம் வந்துவிடும் என்பதுதான் இதில் பொல்லாத சங்கதி.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. போதாததற்கு ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிற கோடைமழை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான், மலைக்கு வண்டிகள் குவிவதும் அப்போதுதான். காலையில் கணுக்கால் அளவில் கடந்து போனவர்கள் மூன்று மணிக்குத் திரும்பும்போது அதே கடவில், அதாவது ஆற்றைக் கடக்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரைப் பார்க்கிறார்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டவன் செய்யும் முதல் தவறு இருட்டுவதற்குள் கடந்துவிடலாம் என்று இறங்குவது. மழை நின்றபின் சில மணி நேரம் காத்திருந்தால் இந்தச் சின்ன ஓடைகள் பெரும்பாலும் வடிந்துவிடும். ஏறின வேகத்திலேயே இறங்குகிற ஆறுகள் இவை. இதை வாசலில் எழுதி வைத்தாலே சில உயிர்கள் மிஞ்சும்.

மழை அளவு நம்மிடம் இல்லாததா? பாலமோர், பெருஞ்சாணி, பேச்சிப்பாறை, சிற்றாறு, சுருளகோடு என்று ஊர் ஊராக மழைமானி இருக்கிறது. அணை மட்டத்தோடு சேர்த்துத் தினமும் பத்திரிகையில் வருகிறது. விவசாயிகள் கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு நெல் போகத்துக்கும் அதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து மலைமழையை அறிய பாலமோர் அளவைப் பார்த்தால் போதும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அது முந்தைய 24 மணி நேரத்துக் கூட்டுத்தொகை. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை அது சொல்லும். இன்று மதியம் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. ஊறிய மண்ணில் 2 சென்டிமீட்டர் மழைகூட ஆற்றைக் கலக்கிவிடும். காய்ந்த மண்ணில் அதே மழை சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே காலையில் வாசலில் இருப்பவர் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: நேற்றைய பாலமோர் மழை, இன்றைய ஆற்று மட்டம். முதலாவது தொலைபேசியில் கிடைக்கும். இரண்டாவதுக்கு ஒரு டப்பா எனாமல் பெயின்ட் வேண்டும்.

அளவுகோல் வரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறான இடத்தில் வரைந்த கோடு, கோடே இல்லாததைவிட மோசம். உருளும் கல்லில் வரையக் கூடாது. ஆற்றோடு ஒட்டிய அடிப்பாறையில்தான் வரைய வேண்டும். அருவிக்கு நேர் கீழே தண்ணீர் குதித்துக்கொண்டே இருப்பதால் அங்கே வேண்டாம். சுழி இருக்கும் மூலையும் வேண்டாம், அங்கே மட்டம் பொய் சொல்லும். நேராக, அமைதியாக ஓடும் துண்டில், பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற பாறைமுகம் சரியான இடம். மார்ச் மாதம் ஆறு மெலிந்து கிடக்கும்போது தண்ணீர் தொடும் இடம் சுழியம். அங்கிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, இரண்டு மீட்டர் உயரம் வரை. பாறையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாசி போக்கி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுப் பூசினால்தான் பெயின்ட் பிடிக்கும். ஈரத்தில் பூசினால் முதல் வெள்ளத்திலேயே உரிந்துவிடும். கோட்டை உளியால் அரை விரல் ஆழத்துக்குக் கொத்திவிட்டு அதில் பூசினால் பல வருடம் நிற்கும்.

‘யாரும் போக வேண்டாம்’ என்கிற சிவப்பு எங்கே தொடங்க வேண்டும்? இதற்கு எல்லா ஆற்றுக்கும் பொதுவான எண் கிடையாது. அந்தப் பாதையில் கடைசியாகக் கடக்க வேண்டிய, மிக மோசமான கடவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆழத்தை மீட்டரில் அளந்து, ஓட்டத்தின் வேகத்தையும் அளந்து இரண்டையும் பெருக்குங்கள். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கரையில் 5 மீட்டர் குறித்து ஒரு கதம்பைத் துண்டை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டைப் போடுங்கள். 5 நொடியில் கடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர். ஆழமும் வேகமும் பெருக்கி 0.4 வந்தாலே குழந்தைகளுக்கு ஆபத்து, 0.6 தாண்டினால் பெரியவர்களுக்கும் கால் நிலைக்காது. முழங்கால் அளவு, அதாவது அரை மீட்டர் தண்ணீர், நொடிக்கு 1.2 மீட்டர் ஓடினாலே 0.6 ஆகிவிடுகிறது. ‘முழங்கால் அளவுதானே’ என்கிற பேச்சு எவ்வளவு வெறும் பேச்சு என்று இதில் தெரியும். வேகம் இரட்டித்தால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கடவில் 0.4 வருகிற நாளில் அளவுகோல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அங்கே மஞ்சள், 0.6 வருகிற நாளில் எங்கே நிற்கிறதோ அங்கே சிவப்பு. மஞ்சளில் குழந்தைகள் வாசலோடு நிற்கட்டும். சிவப்பில் யாரும் போக வேண்டாம், எம்.எல்.ஏ. சிபாரிசோடு வந்தாலும்.

காலை ஒருமுறை மட்டம் பார்த்தால் போதாது. கயத்துக்கு ஒரு கிலோமீட்டர் மேலே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளத்தின் முகப்பு நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் வந்தால் அந்த ஒரு கிலோமீட்டர் தருவது ஐந்தரை முதல் எட்டு நிமிடம். அவ்வளவுதான் அவகாசம். கயத்தில் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது: குழந்தை, பாட்டி, செருப்பைத் தேடுகிறவர் எல்லாரும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் வெள்ளம் எட்டாத மேட்டுக்கு ஏறிவிட முடிகிற எண்ணிக்கைதான் வரம்பு. ஒரே ஒரு வழுக்குப்பாறை வழியாக வரிசையில் ஏற வேண்டிய கயம் என்றால் பதினைந்து பேர்கூட அதிகம். ஒரு நாள் ஒத்திகை பார்த்துக் கடிகாரத்தில் எண்ணிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

மேலே இருப்பவர் பார்க்க வேண்டியவை: தெளிந்த தண்ணீர் கலங்குவது, காய்ந்த சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவது, அதுவரை நனையாத கல் நனைவது, ஓட்டத்தின் ஓசை கனத்து அடித்தொண்டையில் உறுமுவதுபோல மாறுவது. கால் மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் ஏறினால் காரணம் தேட வேண்டாம், உடனே சொல்லிவிட வேண்டும். வனத்துறையின் வாக்கி டாக்கி போதும். செல்போனை நம்ப முடியாது. இடுக்குக்குள் சிக்னல் கிடைக்காது. கீழே இருப்பவர் கத்தினால் அருவி ஓசையில் கேட்காது. கையால் சுற்றும் சங்கு, இல்லையென்றால் நல்ல விசில். நீளமாக மூன்று முறை ஊதினால் எல்லாரும் வெளியே. மேலே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குக் காணிப் பழங்குடி இளைஞர்களைத் தவிர வேறு யாரும் பொருத்தமில்லை. ஆறு ஏறப்போவதைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு. ஆனால் கூலியைத் தினசரி டிக்கெட் வசூலோடு கட்டிவிடாதீர்கள். மூடுகிற நாளில் சம்பளம் இல்லையென்றால் எந்த மனிதனுக்கும் மஞ்சள் பச்சையாகத்தான் தெரியும்.

இனி கயம். வெள்ளத்தைவிட அமைதியான கயம்தான் ஏமாற்றும். தெளிந்த தண்ணீரில் அடி, உண்மையைவிட நாலில் ஒரு பங்கு மேலே இருப்பதுபோலத் தெரியும். 8 அடி ஆழம் 6 அடியாகத் தெரியும். 6 அடி நாலரை அடியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் ‘நெஞ்சளவுதான்’ என்று கால் வைக்கிற இடத்தில் தலை முழுகிவிடுகிறது. சுழலில் மாட்டிய கூழாங்கற்கள் காலம் காலமாக அரைத்து அரைத்துப் பாறையில் ஆட்டுரல் போலக் குழி தோண்டியிருக்கும். வாய் குறுகலாக, வயிறு அகலமாக, சுவர் வழவழப்பாக இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் அதற்குள் போனால் பிடிக்க ஒரு விளிம்பு கிடைக்காது. பக்கச் சுவர்களின் அடியில் தண்ணீர் குடைந்த பொந்துகள் இருக்கும். ஓட்டம் ஆளை அதற்குள் அழுத்தும். அருவி விழும் இடத்தில் நுரை பொங்குகிறது அல்லவா, அதில் பாதி காற்று. நன்றாக நீந்துகிறவரும் அங்கே மிதக்க முடியாது. மேல் தண்ணீர் வெளியே ஓடுவதுபோலத் தெரிந்தாலும் அருவிக்கருகே அது உள்நோக்கித் திரும்பி ஆளைச் சுருட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று மரம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பெருமழையும் புதிதாகச் சிலவற்றை ஆற்றில் தள்ளுகிறது. இரண்டு பாறைக்கு நடுவே குறுக்காகச் சிக்கிய மரம் சல்லடை மாதிரி: தண்ணீர் போய்விடும், ஆள் நின்றுவிடுவார். மழைக்காலம் முடிந்ததும் பாதையிலும் கயங்களுக்குக் கீழேயும் கிடக்கும் மரங்களை அறுத்து எடுப்பதை வருடாந்திர வேலையாக வையுங்கள்.

கயத்தின் ஆழமும் நிலையானதல்ல. ஒரு மழைக்காலம் மணலை நிரப்பும், அடுத்தது வாரிக்கொண்டு போகும். போன வருடம் குதித்த இடத்தில் இந்த வருடம் பாறை மூன்றடியில் நிற்கலாம். கழுத்தெலும்பு உடைவது இப்படித்தான். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை, இடவப்பாதி ஓய்ந்து செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலும் ஆழம் பார்க்க வேண்டும். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல்லைக் கட்டி, கயத்துக்கு ஒன்பது இடத்தில் இறக்கினால் அரை மணி நேர வேலை. நீண்ட மூங்கில் கழியால் சுவரோரம் குத்திப் பார்த்தால் பொந்து எங்கே என்று தெரிந்துவிடும்.

அளந்ததைப் பலகையில் எழுதுங்கள். ‘ஆபத்தான பகுதி’ என்கிற பலகையை யாரும் படிப்பதில்லை. வறண்ட ஓடைக்கும் அதே வாசகம், பொங்கும் ஆற்றுக்கும் அதே வாசகம் என்றால் எப்படிப் படிப்பார்கள்? ‘ஆழம் 14 அடி. இடது சுவரடியில் பொந்து. ஏறும் வழி வலது கரையில் மட்டும். அளந்த மாதம்: ஜனவரி’ என்று எழுதிப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையனும் நின்று படிப்பான். ஆழமில்லாத, அடியில் மணல் உள்ள ஒரு கயத்தைத் தேர்ந்தெடுத்து ‘இங்கே குளிக்கலாம்’ என்று எழுதுவதும் அதே அளவு அவசியம். இடம் காட்டாத தடை, ஆளை இன்னும் உள்ளே, இன்னும் மறைவான கயத்துக்குத்தான் அனுப்புகிறது.

கடவுகளைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாரும் குறுகலான இடத்தில் தாண்டத்தான் பார்ப்பார்கள். குறுகலான இடம் ஆழமானதும் வேகமானதும் ஆகும். அகலமாக, சரளை பரந்து, கீழே ஐம்பது மீட்டருக்கு அருவியோ இடுக்கோ இல்லாத இடம்தான் கடவு. அங்கே இரு கரையிலும் மஞ்சள் அம்புக்குறி போடுங்கள். ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, கையில் ஒரு கம்பை மூன்றாவது காலாக ஊன்றி, பக்கவாட்டில் சிறுசிறு அடியாக நகர வேண்டும். மூன்று பேர் தோளைப் பிடித்துச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. விழுந்தால் கயிறு இறுகி, ஓட்டம் ஆளைத் தண்ணீருக்கு அடியில் பிடித்து வைத்துவிடும்.

காலில் ஹவாய் செருப்போடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தலாம். லேஸ் கட்டிய, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள கேன்வாஸ் ஷூ போதும். பச்சைப் பாசியைவிடக் கறுப்பாகப் படிந்த மெல்லிய வழுக்கல் மோசம் என்பதை வழிகாட்டிகள் சொல்லிக் கொடுக்க வேண்டும். சேலை, லுங்கி, துப்பட்டா, ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் காலைக் கட்டும். அட்டை கடித்து யாரும் சாவதில்லை.

கயிறு பற்றி. ஒவ்வொரு கயத்தருகிலும் 20 மீட்டர் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு ஒன்று தொங்க வேண்டும். நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் வலைச்சாமான் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நுனியில் மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஒன்றைக் கட்டிவிட்டால் வீசவும் எளிது, பிடித்து மிதக்கவும் உதவும். மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்து, இரண்டாவதாகச் சாகிறவர்தான் இந்த ஆறுகளின் பெரிய சோகம். கயிறு கையில் இருந்தால் அவர் குதிக்க வேண்டியதில்லை. வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு. பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை அதைச் செய்யத் தெரிந்த இருவர் ஒவ்வொரு வாசலிலும் இருக்கட்டும். 108-க்கு அழைக்க, சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் பலகையில் குறியுங்கள்.

தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 வழித்தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. நல்லது. ஆனால் தீக்காலத்தை நாள்காட்டி பார்த்து மூடிவிடலாம். வெள்ளத்தை அப்படி மூட முடியாது. மொத்தமாக மூடினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. சோதனைச் சாவடியைத் தவிர்த்து ரப்பர் தோட்டம் வழியாக ஏறுவார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மாலையில் திரும்பவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. வருகிறவரைப் பதிவு செய்து, காலை 9 மணிக்குள் உள்ளே விட்டு, 1 மணிக்குள் தண்ணீரைவிட்டு ஏற்றி, வெளியேறும்போது எண்ணிப் பார்ப்பது மூடுவதைவிடக் கடினமான வேலைதான். மது வாடையோடு வருகிறவருக்கு வாசலோடு சரி. கண்ணாடிப் பாட்டிலுக்கும் அப்படியே. சோப்பு, ஷாம்பு பாக்கெட்டை வாங்கி வைத்துவிட்டு உள்ளே விடுங்கள். கீழே அதே தண்ணீரைக் குடிக்கும் குடியிருப்புகள் உண்டு.

இதில் உடனே தொடங்க வேண்டியது அளவுகோல். ஆறு மெலிந்திருக்கும் மார்ச்சில் சுழியக் கோடு போட்டுவிட்டால் கோடைமழையின் ஏற்ற இறக்கத்தில் மஞ்சளையும் சிவப்பையும் கண்டுபிடித்துவிடலாம். இடவப்பாதிக்கு முன்னால் முதல் பலகை எழுதத் தயாராகிவிடும். முதலில் காளிகேசம் ஒன்றில் மட்டும் செய்து பார்த்தாலும் போதும்.

இப்படிக்கு,
குமரி மலையாற்று வழிகளில் நடக்கிறவர்கள் சிலர்